நிலத்துக்குப் பணம் வந்த நாள் முதல் வீட்டில் நிம்மதி போய்விட்டது

கேள்வி: எனக்கு 41 வயது. கணவர், 12 வயதில் ஒரு மகன். அப்பாவின் பெயரில் ஊருக்கு வெளியே ஒரு நிலம் வெகுகாலம் சும்மா கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சாலைத் திட்டத்துக்காக அதை எடுத்துக்கொண்டு, நாங்கள் கனவிலும் நினைக்காத தொகையை இழப்பீடாகக் கொடுத்தார்கள். நான்காவது மாதம் அம்மா மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்பா தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சமமாகப் பிரித்தார். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். என்னைவிட 5 வயது மூத்தவர். 18 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் படிக்கவைத்தவர் அவர். "எனக்கும் அவனுக்கும் ஒரே பங்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு வரவேயில்லை. தம்பிக்கு 34 வயது, திருமணம் ஆகவில்லை, அப்பாவோடு இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு ஏதேதோ தொழில் என்கிறான். தினமும் குடிக்கிறான். அப்பாவுக்கு இரவில் தூக்கமில்லை, வாசல் மணி அடித்தாலே பதறுகிறார். சொந்தக்காரர்களில் கேட்டுக் கிடைக்காதவர்கள் எல்லாம் விரோதியாகிவிட்டார்கள். என் கணவருக்குத் தெரியாமல் சித்தி மகளுக்கு ஒரு தொகை கடன் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. லாட்டரி விழுந்தவர்களில் 100க்கு 70 பேர் எல்லாவற்றையும் இழந்துவிடுவார்கள் என்று படித்தேன். இந்தப் பணத்துக்கே ஏதோ சாபம் இருக்கிறதா? என் பங்கை அப்படியே தானம் செய்துவிட்டால் குடும்பம் பழையபடி ஆகிவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவர் இறந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பங்கு பிரித்த கதைக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. அதற்குத் திரும்ப வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: பங்கை மொத்தமாகத் தானம் செய்துவிட்டால் குடும்பம் பழையபடி ஆகிவிடாது. இப்போதைக்கு அதைச் செய்ய வேண்டாம்.

20 வருடத்துக்கும் மேலாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். விபத்து இழப்பீடு, சொத்து விற்ற பணம், யாரும் எதிர்பாராமல் வந்து சேர்ந்த பரம்பரைச் சொத்து என்று திடீர்ப் பணம் வந்த பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே ஏதாவது ஒரு கட்டத்தில் "ராசியில்லாத பணம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அடிமேல் அடி விழும்போது மனசு ஒரு காரணத்தைத் தேடும். ஆனால் சாபம் என்று பெயர் வைத்துவிட்டால், அப்புறம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. என் கவலை அதுதான்.

நீங்கள் படித்த அந்த 70 சதவீதக் கணக்கு பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் நிதிக் கல்விக்கான தேசிய அறக்கட்டளையின் பெயரைப் போட்டுத்தான் அதைச் சொல்வார்கள். அந்த அமைப்பே 2018இல், இது எங்கள் ஆய்வில் வந்த கணக்கு இல்லை என்று வெளிப்படையாக மறுத்துவிட்டது. உண்மையில் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்ற 3,000க்கும் மேற்பட்டவர்களை, பரிசு விழுந்து 5 முதல் 22 வருடம் கழித்துத் தேடிப்போய் விசாரித்தார்கள். 2020இல் வந்த அந்த ஆய்வின்படி, பெரிய தொகை பெற்றவர்கள் அத்தனை வருடம் கழித்தும் மற்றவர்களைவிட வாழ்க்கையில் திருப்தியாகவே இருந்தார்கள். ஆக, பணம் வந்தாலே குடும்பம் கெடும் என்று விதி எதுவும் இல்லை.

அதே சமயம், பணம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புளோரிடாவில் ஏற்கெனவே கடனில் இருந்த பலருக்கு லாட்டரியில் 50,000 முதல் 1,50,000 டாலர் வரை விழுந்தது. அவர்களையும், 10,000 டாலருக்குள் பரிசு பெற்றவர்களையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வருடம் பெரிய பரிசுக்காரர்கள் திவாலாவது குறைந்தது. மூன்றிலிருந்து ஐந்தாம் வருடத்துக்குள் அது ஏறி, மொத்தத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. வீட்டில் என்ன பழக்கம் இருந்ததோ, பணம் வந்த பிறகும் அதுவே நடந்திருக்கிறது. பணம் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு இப்போது இரண்டாம் வருடம் முடிகிறது என்பதால் இதை எழுதுகிறேன். இன்னும் கையில் இருப்பதைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

சாபம் என்ற சொல் எதை மறைக்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். பயமுறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் என்ற பழங்குடி மக்களின் நிலத்துக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் வருமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கு உரிமையை விற்க முடியாது, வாரிசாகத்தான் பெற முடியும். 1920களில் உலகத்திலேயே பெரிய பணக்காரர்களில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் வரிசையாகச் சாவு. மாலி பர்க்ஹார்ட் என்ற பெண்ணின் சகோதரி 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் அம்மா இறந்தார். 1923இல் இன்னொரு சகோதரியின் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். கடைசியில் விசாரித்தபோது, இதற்கெல்லாம் சூத்திரதாரியாக இருந்தவர் வில்லியம் ஹேல் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர், மாலியின் கணவருக்கே மாமா. கணவரும் அதில் உடந்தை. குடும்பத்தில் ஒவ்வொருவராகச் செத்தால் பங்கு முழுவதும் மாலிக்கு வரும், அவர் வழியாகத் தங்கள் கைக்கு வரும் என்பது திட்டம். 1925இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவரின் பங்கை ஓசேஜ் அல்லாதவர் வாரிசாகப் பெற முடியாது என்று ஆனது. அந்த வீட்டில் நடந்தவற்றை விதி என்று சொல்லி விட்டிருந்தால், யார் கை என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுத் துன்பங்களுக்கும் காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம். எல்லாவற்றையும் "பணம்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருப்பதால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் தவிக்கிறீர்கள். மூட்டையைப் பிரிப்போம்.

அம்மா. அவருக்கு மாரடைப்பு வந்தது நிலத்துக்குப் பணம் வந்ததால் என்று நீங்கள் நேராக எழுதவில்லை. ஆனால் சாபம் என்று நீங்கள் சொல்வதன் அடியில் இருப்பது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். இதய ரத்தக்குழாயில் அடைப்பு பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது. நான்கு மாதத்தில் ஒரு வங்கிக் கணக்கு அதை உண்டாக்கிவிடாது. அம்மாவுக்கு முன்பே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா என்று அவரைப் பார்த்த டாக்டரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். இரண்டு வருடம் கழித்தும் கேட்கலாம். அந்தப் பதில் உங்களுக்குத் தேவைப்படுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் வீட்டில் யாரும் அம்மாவுக்காக அழவில்லை என்று தோன்றுகிறது. அழுதிருப்பீர்கள், நான் அதைச் சொல்லவில்லை. ஒரு சாவுக்குப் பிறகு குடும்பம் சில மாதங்கள் சும்மா கூடி உட்கார்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, பழைய கதை பேசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். உங்களுக்கு அந்த மாதங்கள் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பத்திரம், கையெழுத்து, பங்கு என்று ஓடியிருக்கிறீர்கள். வந்து போனவர்களில் பாதிப் பேர் துக்கம் கேட்க வந்தார்களா, பணம் கேட்க வந்தார்களா என்றே தெரிந்திருக்காது. அண்ணனின் கோபம், தம்பியின் குடி, அப்பாவின் தூக்கமின்மை மூன்றிலும் அந்தத் துக்கம் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இனி அண்ணன். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். அதனால் நானும் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா சமமாகப் பிரித்ததில் தப்பில்லை. மூன்று பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் அண்ணன் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. 18 வயதில் அவர் படிப்பை விட்டபோது உங்களுக்கு 13 வயது, தம்பிக்கு 6. அதற்கப்புறம் எத்தனை வருடம் தன் சம்பளத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்திருப்பார்? அந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. வீட்டில் பணம் இல்லாதவரை எழுதவேண்டிய அவசியமும் வரவில்லை. அவர் தியாகம் செய்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார். வறுமையில் அந்த ஏற்பாடு நிற்கும். பணம் வந்த அன்றைக்கு, 26 வருட உழைப்புக்கு முன்னால் ஓர் எண்ணை எழுதி நீட்டினார்கள். அந்த எண், 6 வயதில் அவர் தோளில் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கொடுத்த அதே எண். "எனக்கும் அவனுக்கும் ஒரே பங்கா?" என்று அவர் கேட்டதை நீங்கள் எல்லோரும் பேராசை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. "நான் செய்தது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

திடீர்ப் பணம் குடும்பத்தில் செய்கிற மிகப் பெரிய சேதம் இது என்பது என் அனுபவம். ஊதாரித்தனமும் மோசடியும் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பேசாமலே வைத்திருந்த பழைய கணக்குகள் ஒரே நாளில் விரிக்கப்படுகின்றன. கணக்குத் தீர்க்கிற அளவுக்குப் பணம் இருக்கிறது, பேச்சு இல்லை.

அதனால் அண்ணனிடம் முதலில் பணத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "என் பங்கில் கொஞ்சம் வைத்துக்கொள்" என்று நீட்டினால், பிச்சை போடுகிறாயா என்று கேட்டுவிடுவார். கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். "அண்ணா, நீ படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போனப்போ எனக்குப் பதிமூணு வயசு. என் பரீட்சைக்கு நீதான் பணம் கட்டினே. அதுக்கு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல." இந்த மாதிரி, உங்களுக்கு நினைவிருக்கிற இரண்டு மூன்று சம்பவங்கள், உங்கள் பேச்சிலேயே. அந்தக் கடிதத்தில் நிலம், பங்கு, அப்பா, தம்பி எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மாதம் பொறுத்து நேரில் போங்கள். முடிந்தால் அப்பாவும் தன் வாயால் இதைச் சொல்ல வேண்டும். அண்ணன் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அவர் வாயிலிருந்துதான்.

அப்புறம் பணத்தைப் பற்றியும் பேசலாம், பேசத்தான் வேண்டும். சமம் என்பதும் நியாயம் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அப்பா தன்னிடம் வைத்துக்கொண்ட பகுதியில் அண்ணனுக்குக் கூடுதலாக உயில் எழுதலாம். நீங்கள் உங்கள் பங்கிலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்கலாம். நீங்கள் தானம் செய்ய நினைத்த பணத்தில் ஒரு பங்கு இந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது உங்கள் முடிவு, உங்கள் கணவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

தம்பி விஷயம் அவசரம். அவர் தொழிலில் போட்டு இழப்பதைவிட எனக்கு அவர் தினமும் குடிப்பதுதான் பெரிய பயம். ஜாக் விட்டேக்கர் என்பவருக்கு 2002 டிசம்பரில் அமெரிக்காவில் 31 கோடி டாலருக்கு மேல் லாட்டரி விழுந்தது. அன்றைக்கு ஒரே சீட்டுக்கு விழுந்த மிகப் பெரிய தொகை அது. அவர் ஒன்றும் பணம் பார்க்காதவர் இல்லை, முன்பே கட்டுமானத் தொழில் நடத்தி வசதியாக இருந்தவர். தேவாலயங்களுக்கும் ஏழைகளுக்கும் வாரிக் கொடுத்தார். உயிராக நேசித்த பேத்திக்கும் கேட்டதெல்லாம் கொடுத்தார். போதையில் சிக்கியிருந்த அந்தப் பெண் 2004இல் 17 வயதில் இறந்துகிடந்தாள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று அவர் பின்னாளில் சொன்னார். அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: கையில் வேலையில்லாத, பழக்கத்தின் பிடியில் இருக்கிற இளையவர்களிடம் ரொக்கம் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. அன்பினால் கொடுத்தாலும் அதே ஆபத்துதான்.

தம்பியை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் தானாக ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "இன்றோடு விட்டுவிடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அவர் மறுத்தால், நீங்கள் தனியாகவாவது ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று கேளுங்கள்.

வேலையை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பரிசு விழுந்தவர்கள் எல்லாம் வேலையை உதறிவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். சுவீடனில் பார்த்தபோது அவர்களுடைய சம்பாத்தியம் குறைந்தது கொஞ்சம்தான். பெரும்பாலானோர் வேலை நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கிறார்கள். வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லையே. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம், நம்மைத் தேடுகிற நாலு பேர், மாலையில் அலுப்பு. தம்பிக்கு அம்மாவும் போய், வேலையும் போய், நாள் முழுக்க வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையை நிரப்பத்தான் அந்த நண்பர்கள் வந்திருக்கிறார்கள். முதலீடு என்று அவர் போடுவதிலும் ஒரு மனக்கணக்கு உண்டு. உழைத்துச் சேர்த்த பணத்தை யோசித்து எடுக்கிற அதே மனிதர், சும்மா வந்த பணத்தை எளிதாகப் பணயம் வைப்பார். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர், எரிக் ஜான்சன் என்பவரோடு சேர்ந்து 1990இல் இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை "அது சூதாட்ட விடுதிக்காரர்கள் பணம்தானே" என்று மறுபடி வைத்து ஆடுகிற மனநிலை அது. தம்பியிடம் "எவ்வளவு போச்சு?" என்று கேட்டுச் சண்டை போடுவதைவிட, "அப்பாவோட நிலம்டா அது" என்று ஞாபகப்படுத்துவது பலன் தரும். வந்த வழியை ஞாபகம் வைத்திருக்கிற பணம் சீக்கிரம் போகாது.

அப்பாவுக்கு வாசல் மணி பயம் ஏன் என்று கேட்டீர்களா? "சும்மா பதறுகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். யாராவது மிரட்டினார்களா, கடன் கேட்டு நச்சரிக்கிறார்களா, தம்பியின் நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்களா, அவர் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறதா என்று தனியாக உட்காரவைத்து மெதுவாகக் கேளுங்கள். வயதானவரிடம் பணம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் ஏமாற்றுக்காரர்களின் போனும் வரும். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து தேவை என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அந்த இரண்டாவது கையெழுத்து அண்ணனுடையதாக இருந்தால் நல்லது, அப்பாவே அவரைக் கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் அப்பாவின் பணத்தை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைவி இல்லை, நிலம் இல்லை. முடிவெடுக்கிற உரிமையும் போய்விட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை தொடர்ந்தால், சாப்பாட்டில் பிடிப்பு குறைந்தால், அதை வயோதிகம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துணையை இழந்த முதியவர்களுக்கு மனச்சோர்வு இப்படித்தான் வரும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயம். சித்தி மகளுக்குக் கொடுத்ததை இந்த வாரமே கணவரிடம் சொல்லிவிடுங்கள். தொகை பெரிதோ சிறிதோ, இந்த வீட்டில் இன்னொரு மறைப்பு தாங்காது. பணம் திரும்பி வரும் என்று காத்திருந்து அப்புறம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். கோபப்படுவார், படட்டும். வேறு யார் வழியாகவோ தெரிந்தால் வருகிற கோபம் பல மடங்கு. அந்தச் சித்தி மகளைப் பற்றியும் கொஞ்சம் இரக்கத்தோடு யோசியுங்கள். கனடாவில் லாட்டரி விழுந்தவர்களின் அக்கம்பக்கத்தாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பரிசுத் தொகை பெரிதாகப் பெரிதாக, பரிசு விழாத அக்கம்பக்கத்தார் திவாலாவது கூடியது. பார்த்தால் தெரிகிற பொருள்களைக் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பணம் விழுந்தால் பக்கத்து வீடும் ஆடிப்போகிறது. அவளும் அப்படி ஏதாவது ஒன்றில் மாட்டியிருக்கலாம். கணவரோடு பேசிவிட்டு, அது கடனா, கொடையா என்று முடிவு செய்யுங்கள். கடன் என்றால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கொடை என்றால் அவளிடமே அப்படிச் சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டுவைத்தால் உறவும் போகும், பணமும் போகும்.

இனி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற திணறலும் உங்களுக்கு இருக்கும். "நானும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறோம். மாசக் கடைசியில பேசிட்டுச் சொல்றேன்" என்பதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். பொய்க் காரணம் சொல்லாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். மாதக் கடைசி வரை காத்திருக்க முடியாத அவசரம் மருத்துவமனைச் செலவாக இருந்தால் ஒழிய, பெரும்பாலும் உங்களிடம் வரவேண்டிய அவசரம் இல்லை. பணம் வந்தவனைப் பார்த்து, அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சிலர் பழமொழி சொல்வார்கள். உங்களையும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பழமொழி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. வாழ்நாள் முழுக்க ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்தவர் குடை பிடித்தால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

உங்கள் பங்கில் மீதமிருப்பதைப் பற்றிச் சுருக்கமாக. வரி ஏதாவது கட்ட வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று முதலில் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள், பலரும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். வட்டிக் கடன் இருந்தால் அடையுங்கள். மிச்சத்தைப் பாதுகாப்பான வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்குத் திரும்ப எடுக்க முடியாத எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீடு, தொழில், தானம் மூன்றும் இதில் சேர்த்தி. லாபம் குறையும், குறையட்டும். இந்த ஒரு வருடம் உங்களுக்கு வட்டியைவிட அமைதி அதிகம் தேவை.

தானத்தைப் பற்றி. பல வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். வளர்ந்த மகன் விபத்தில் போய்விட்டான், இழப்பீடு வந்தது. அந்த அம்மா அதில் ஒரு காசைத் தொடமாட்டேன் என்று இருந்தார். கணவரோ கண்டபடி செலவு செய்தார், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மகன் செத்த பணத்தில் கூத்தடிக்கிறார் என்று அந்த அம்மாவுக்கு ஆத்திரம். பல அமர்வுகளுக்குப் பிறகு ஒருநாள் அந்த மனிதர் உடைந்து அழுதுகொண்டே சொன்னார்: "அது தீர்ந்துபோனா நல்லா இருக்கும்னு நெனச்சேன் மேடம். பாஸ்புக்கைத் திறந்தா அவன் மூஞ்சிதான் தெரியுது." இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் பணத்திலிருந்து ஓடியிருக்கிறார்கள், ஆளுக்கொரு திசையில். அதன் பிறகு நிதானமாக யோசித்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மகன் படித்த துறையிலேயே ஒரு பையன் படிக்கக் கொடுத்தார்கள். அதுவும் தானம்தான். முன்பு வாரி இறைத்ததும் தானம்தான். அவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை.

உங்கள் கடிதத்திலும் அந்த அவசரம் தெரிகிறது. பணம் போய்விட்டால் நான்காவது மாதத்துக்கு முந்தைய வீடு திரும்பி வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அம்மா இருந்த வீடு. அது வராது, சகோதரி. இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து, அழுகையெல்லாம் ஓரளவு அடங்கி, கணவரும் சம்மதித்து, அம்மா பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் மனசாரச் செய்யுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். அம்மாவின் பொருள்கள் அந்த வீட்டில் இன்னும் அப்படியே இருக்கும், யாரும் தொட்டிருக்கமாட்டீர்கள். அவற்றை எடுத்துப் பார்க்க ஒரு நாள் குறியுங்கள். அப்பா, நீங்கள் மூன்று பேர், அண்ணி. அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்துக்குப் பிறகு இந்த அழைப்பு போகட்டும். காலையிலேயே, தம்பி குடிக்காமல் இருக்கிற நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பணப் பேச்சு எடுப்பதில்லை என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்பாவிடமும். யாருக்கு எந்தப் பொருள் என்பதில் ஒரு சின்ன உரசல் வரலாம். வந்தால் கவலைப்படாதீர்கள், அந்தச் சண்டையைப் போட்டு முடிக்க உங்கள் மூவருக்கும் தெரியும்.

மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. 12 வயதுப் பையனுக்கு எல்லாம் தெரியும். மாமா ஏன் வருவதில்லை என்று அவன் கேட்டிருப்பான், நீங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். "மாமாவுக்கும் எங்களுக்கும் பணத்தால ஒரு மனக்கசப்பு. தப்பு எங்க பக்கமும் இருக்கு. பேசப் போறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எப்போது என்று அடுத்த நொடியே கேட்பான். அவனிடம் பேசுவதற்கு முன்னால் அண்ணனுக்கான கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுங்கள்.